கூப்பிடு தூரத்தில் ஒரு சட்டிச் சோறு

ஒரு மன்னிப்பின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி. மன்னிப்புக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், கேட்க ஒருவர், கொடுக்க ஒருவர். அந்த ஓட்டலிலும் அதே சட்டம்தான். ஒற்றை ஆளாகப் போனால் அடுப்பில் அரிசியே போட மாட்டார்கள். இரண்டு பேராக, முந்தின நாளே சொல்லி, முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத்தான் போய் உட்கார வேண்டும்.

கட்டியவள் தீபலட்சுமி. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். எந்தக் கணக்கும் இழுபறியாக நிற்பது அவளுக்குப் பிடிக்காது. தன் சம்பளத்திலிருந்து செல்போனிலேயே பணத்தைக் கட்டி, ரசீதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி, சித்தப்பாவும் வருகிறார், சண்டை போடாமல் சாப்பிட்டுவிட்டு வா என்று கீழே ஒரு வரி.

அப்பா ஜானகிராமனுக்குப் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக்கடை. வரி சேர்த்து நாலாயிரத்து நானூற்றுப் பத்து என்றிருந்த ரசீதை அவர் மூன்று முறை படித்தார். அவ்வளவு பணத்தை லாபமாகப் பார்க்க எத்தனை குக்கர் விற்க வேண்டும் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பதினான்கு. பதினான்கு குக்கர் விற்ற லாபத்தில் ஒருவேளைச் சோறு; அதுவும் எதிரில் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு.

தம்பி செல்வகுமாரோடு அவர் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

விஷயம் ஒரு சுவர். அவர்களுடைய அப்பா விட்டுப்போன கடை அகலத்தில் இருபத்திரண்டு அடி, நீளத்தில் முப்பத்திரண்டு. ஆளுக்குப் பதினொன்று என்பது பேச்சு. தம்பி சரக்கெடுக்கக் கும்பகோணம் போயிருந்த இரண்டு நாளில் அண்ணன் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார். சுவர் நேராக இருந்தது, பூச்சும் நன்றாக இருந்தது. ஒரே குறை, ஒன்பது அங்குலக் கனமும் முழுசாகத் தம்பி பக்கத்தில் விழுந்திருந்தது. கொத்தனார் செய்த தவறு என்றார் ஜானகிராமன். கொத்தனாருக்கு நூல் பிடித்துக் காட்டியவர் யார் என்பது மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள் வரைக்கும் தெரியும். உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசியபோது, பாதிப் பேச்சில் செல்வகுமார் எழுந்து போனார். போனவர் போனவர்தான். ஊரின் இன்னொரு பகுதியான சாரத்தில் வாடகைக்கு ஒரு கடை பிடித்துக்கொண்டார். மார்க்கெட்டில் அவருடைய பாதிக்கு அன்றைக்கு இறங்கிய ஷட்டர் இன்னும் ஏறவில்லை.

ஆவணியில் தீபலட்சுமிக்குக் கல்யாணம். உழவர்கரை அச்சகத்தில் பத்திரிகை தயாராகி, புரூஃப் வந்து, ஒரு வாரமாக வீட்டில் கிடக்கிறது. சித்தப்பா பெயர் இல்லாத பத்திரிகைக்கு நான் சரி சொல்ல மாட்டேன் என்று பெண் உட்கார்ந்துவிட்டாள். பெயரை மட்டும் போட்டு ஆள் வராமல் போனால் மண்டபத்தில் மானம் போய்விடும் என்று மனைவி ராஜாம்பாள் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டாள். அச்சகக்காரர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை தவணை கொடுத்திருந்தார். அதற்கு மேல் போனால் வேறு ஆள் வேலையை மெஷினில் ஏற்றிவிடுவாராம்.

ஆகவே ஜானகிராமன் ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'தப்பு என்மேலதான்.' காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நாலு முறை சொல்லிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகத்தான் வந்தது.

ஓட்டல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில், மஞ்சள் அடித்த ஒரு பழைய வீட்டில் இருந்தது. வாசலில் காகிதப்பூக் கொடி. ஸ்பெயின்காரர் ஒருவர் நடத்துவதாகவும், சோறும் கடல் மீனும் அங்கே பெயர் போனவை என்றும் மகள் சொல்லியிருந்தாள். பிறந்ததிலிருந்து சோறும் மீனும் தின்று வளர்ந்த ஊரில், அதையே ஸ்பெயினிலிருந்து ஒரு ஆள் வந்து விற்கிறான், அதற்கு முன்பணம் வேறு வாங்குகிறான் என்றால், அவன் கெட்டிக்கார வியாபாரிதான் என்று ஜானகிராமன் ஒப்புக்கொண்டார்.

செல்வகுமார் முன்னாடியே வந்திருந்தார். வாசலைப் பார்த்த நாற்காலியைப் பிடித்திருந்தார். அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். வருகிறவனை நாம் பார்க்க வேண்டும், நம்மை அவன் தேட வேண்டும். தலை நரைத்திருந்தது. ஆறு வருஷ நரையை ஒரே நேரத்தில் பார்க்க நேர்ந்ததில் ஜானகிராமன் நாற்காலியை இழுக்க மறந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க," என்றார் தம்பி.

நீ, வா, போ என்று பேசி வளர்ந்த பையன். அந்த 'ங்க'வில்தான் எவ்வளவு ஐஸ். கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதை.

பரிமாறுகிறவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் தமிழ்மாறன் என்று பெயர்ப்பட்டை. சாப்பாடு அடுப்பில் ஏறிவிட்டது, இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார். நேற்றே சொன்ன சாப்பாடு இன்றைக்கும் நாற்பத்தைந்து நிமிஷமா என்று ஜானகிராமன் கேட்டார். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அரிசி போடுவோம், சோறுதான் ஆட்களுக்காகக் காத்திருக்கக் கூடாது, ஆட்கள் சோற்றுக்காகக் காத்திருக்கலாம் என்று அவர் பணிவாக விளக்கினார். தண்ணீர் கேட்டதற்குப் பாட்டில் தண்ணீர்தான், ஒன்று தொண்ணூறு ரூபாய் என்றார். இது சாப்பாட்டுக் கட்டணத்தில் சேராதாம். இரண்டு பாட்டில் வந்து நின்றன. கண்ணாடிப் பாட்டிலின் விலையை ஜானகிராமன் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பாட்டில் பன்னிரண்டு ரூபாய் பெறும், உள்ளே இருப்பது ஒன்றும் பெறாது.

முதல் பதினைந்து நிமிஷத்தில் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, பித்தளை விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். "குமாரு, அந்தச் செவுரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். தமிழ்மாறன் வந்து பூண்டும் தக்காளியும் தேய்த்த ரொட்டியை வைத்துவிட்டு, அந்த ரொட்டி எந்த ஊரில் எப்படித் தோன்றியது என்று சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கையில் வாக்கியம் ஆறிப்போயிருந்தது.

இருபத்தைந்தாவது நிமிஷம் வேறு வழியில் போய்ப் பார்த்தார். நேராகச் சொல்ல வராததை ரூபாயில் சொல்வது அவர் பழக்கம். ஒன்பது அங்குலம், முப்பத்திரண்டு அடி நீளம். ஆகமொத்தம் இருபத்து நாலு சதுர அடி. மார்க்கெட்டில் இன்றைய விலைக்கு என்ன ஆகுமோ அதை அப்படியே கொடுத்துவிடுகிறேன், வேண்டுமானால் ஆறு வருஷ வட்டியும் போட்டுக்கொள் என்றார்.

செல்வகுமார் ரொட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் விக்க வரலீங்க."

பேச்சு அத்தோடு செத்தது. பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டு ஜோடி கால்மணி நேரமாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பசித்திருக்கிறவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பது ஜானகிராமனுக்குப் புரியவில்லை. அவருக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு விழவில்லை என்றால் உலகத்தில் யாரையும் பிடிக்காது.

ஒரு மணி ஐம்பத்தைந்துக்குச் சட்டி வந்தது. இரண்டு காது வைத்த, தாம்பாளம் மாதிரி அகலமான இரும்புச் சட்டி. அடிப்பகுதியின் கனம், காதில் அடித்திருந்த ஆணி, விளிம்பின் மடிப்பு எல்லாவற்றையும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், இரண்டு கிலோ இருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. சட்டிக்கு இருந்த அகலத்துக்குச் சோற்றுக்கு உயரம் இல்லை. அரை விரற்கடைக்கு மேல் எங்கேயும் ஏறவில்லை. குங்குமப்பூ நிறத்தில் சோறு, அதன்மேல் மட்டி, கணவாய்த் துண்டு, சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி இறால். ஜானகிராமன் இறாலை எண்ணினார். பதினொன்று. இரண்டு பேருக்குக் கொண்டுவருகிற சட்டியில் எந்த வியாபாரி பதினொரு இறால் வைப்பான்?

தட்டு கேட்டார். தட்டு கிடையாது என்றார் தமிழ்மாறன். இந்தச் சாப்பாட்டை அந்த ஊரில் சட்டியிலேயே சாப்பிடுவார்களாம். அவரவர் விளிம்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் போக வேண்டும். அடுத்தவர் பக்கம் கரண்டி போகக் கூடாது. அது பெரிய மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டு இரண்டு மரக்கரண்டிகளை வைத்துவிட்டுப் போனார்.

சொல்லாத வேலையைச் செய்வது ஜானகிராமனின் கை. கரண்டியின் நுனியால் சட்டியின் நடுவே, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு கிழித்தார். நியாயமாகத்தான் கிழித்தார்.

செல்வகுமார் குனிந்து பார்த்தார். "கோட்டோட கனம் யாரு பக்கம் விழுது, பாத்தீங்களா?"

ஜானகிராமனுக்குக் காது சிவந்தது. இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததை ஒரு கரண்டிச் சோறு போட்டு அடைத்துக்கொண்டார்.

அரிசி நடுவில் நறுக்கென்று நின்றது. முக்கால் வேக்காடு. அதை மென்று முடிப்பதற்குள் கரண்டி அடியில் முட்டி, கரகரவென்று சத்தம் கேட்டது. சுரண்டிப் பார்த்தார். அடி முழுவதும் காந்தல். ஒரு இடத்தில் இரண்டு இடத்தில் இல்லை, சட்டி முழுக்க, செம்பழுப்பில், பிடித்துப்போய்.

அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வராதே தவிர, குறை சொல்ல அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்மாறனைக் கூப்பிட்டார். மேலே வேகவில்லை, கீழே தீய்ந்துவிட்டது. நடுவில் ஒரு நூல் அளவுக்குத்தான் சோறாக இருக்கிறது. நாலாயிரத்து இருநூறுக்கு அந்த ஒரு நூல்தானா என்று கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும், அந்த அடிக்காந்தலுக்காகத்தான் இதைச் சாப்பிடவே வருகிறார்கள் என்று தமிழ்மாறன் சொன்னார். ஜானகிராமன் முப்பத்தைந்து வருஷமாகப் பாத்திரம் விற்கிறவர். அடி பிடிக்காது என்று சத்தியம் பண்ணித்தான் ஒவ்வொரு சட்டியையும் விற்றிருக்கிறார். அடி பிடிப்பதற்காகவே காசு வாங்குகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார். ஆயிரம் ரூபாய் குறைத்துத் திருப்பித் தரச் சொன்னார். குறைக்கிற அதிகாரம் முதலாளிக்குத்தான், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. ஐந்நூறு என்றார். முதலாளி ஐந்நூறுக்கும் ஊரில்தான் இருந்தார்.

சத்தம் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். சுலோசனா, உழவர்கரைக்காரி, பத்து வருஷமாக அங்கே அடுப்பு அவள் கையில்தான். கரண்டியை வாங்கிச் சட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் காந்தல் வர்றதுக்கு நான் கடைசி அஞ்சு நிமிசம் அடுப்பு மேல காத வச்சினு நிக்கிறேன். காந்தல் புடிக்கலன்னா சொல்லுங்க, காச வாபஸ் தர்றேன். புடிச்சதுக்குக் குறைக்கச் சொன்னா எப்புடி?"

இதற்கு மேல் பேரத்தில் ஒரே ஒரு படிதான் பாக்கி. அது இரண்டு பேர் சேர்ந்து ஏறுகிற படி. ஒருவன் குறை சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவன் அலுத்துப்போய் எழுந்து நிற்க வேண்டும். அப்பாவோடு சரக்கெடுக்கப் போன ஊரெல்லாம் சின்ன வயதிலிருந்து அண்ணன் தம்பி ஆடிய ஆட்டம்தான். சொல்லி வைத்துச் செய்ததில்லை, அது தானாக வரும்.

தானாக வந்தது. செல்வகுமார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சலிப்பை முகத்தில் சரியான அளவுக்கு வைத்துக்கொண்டு சொன்னார்: "வாண்ணே, போலாம். நமக்கு ஒத்து வராது."

வாண்ணே. ஜானகிராமன் ஒரு கணம் எதற்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பதையே மறந்துபோனார். அவரும் எழுந்தார். இரண்டு பேரும் அவசரம் இல்லாமல், தோளில் வருத்தத்தைச் சுமந்துகொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள்.

எழுந்து போவதற்கு ஒரு கணக்கு உண்டு. வாங்க வந்தவன் எழுந்து போனால் விற்கிறவன் ஏழாவது அடியில் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் பசி தெரிந்துவிடும். பத்தைத் தாண்டிவிட்டால் ஆள் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவான். அதனால் போகிறவனும் ஏழாவது அடி வரைக்கும் மெதுவாக நடப்பான். இது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த மரியாதை.

நாலு. ஐந்து. வெயில் தலையில் இறங்கியது. ஆறு. ஏழு.

"சார்," என்று பின்னாலிருந்து குரல்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள். வேண்டா வெறுப்பாக, மெதுவாகத் திரும்பினார்கள். தமிழ்மாறன் ஓடி வந்து, மேசையில் விட்டுப்போன ஜானகிராமனின் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லி, திரும்பி உள்ளே போய்விட்டார்.

எட்டு, ஒன்பது, பத்து. வேறு யாரும் கூப்பிடவில்லை. பதினோராவது அடியில் மதில் நிழலில் நின்றார்கள். செல்போன் மணி அடித்தது, தீபலட்சுமி. ஜானகிராமன் எடுக்கவில்லை. மணி இரண்டு பத்து.

முதலில் செல்வகுமாருக்குத்தான் உறைத்தது. "அண்ணே, காசு கட்டியாச்சு இல்ல?"

ஜானகிராமன் கண்ணை மூடிக்கொண்டார். காசு நம் மடியில் இருக்கும்வரைக்கும்தான் எழுந்து போவதற்கு மதிப்பு. காசு அவன் பெட்டியில், சோறு அவன் மேசையில், இரண்டு பேரும் தெருவில். மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வாங்கிய சரக்கை விட்டுவிட்டு வந்து, விற்றவன் கூப்பிடுவான் என்று ரோட்டில் காத்திருக்கிறவர்கள். அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் கடையில் உட்கார விட்டிருக்க மாட்டார்.

"போயி உக்காரலாம்," என்றார் தம்பி. ஆனால் நகரவில்லை.

"போ," என்றார் அண்ணன். அவரும் நகரவில்லை.

முதலில் திரும்புகிறவன் தோற்றவன். ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். அதைக் காலால் மட்டும் மாற்ற முடியாது. வெறும் தெருவில், வெயில் வேளையில், வயிறு காய, ஐம்பத்தேழு வயதும் ஐம்பத்திரண்டு வயதும் மதிலோரம் நின்றன. ஒரு சுற்றுலாப் பெண் வந்து, பின்னால் இருக்கிற காகிதப்பூவைப் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்றாள். தள்ளி நின்றார்கள். அவள் போனபின் பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள்.

செல்வகுமார் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னைக்கும் நான் மெதுவாத்தாண்ணே நடந்தேன்."

எந்த அன்றைக்கு என்பது ஜானகிராமனுக்குத் தெரியும்.

"செருப்ப மாட்டவே அஞ்சு நிமிசம் ஆக்கினேன். நீ கூப்புடுவேன்னுதான். தெரு முனையில சைக்கிள் கடையில நின்னு வண்டிக்குக் காத்து அடிச்சேன். காத்து எறங்கவே இல்ல, நல்லாத்தான் இருந்துது."

ஜானகிராமனுக்கு அன்றைய தினம் ஒவ்வொரு அடியும் நினைவிருந்தது. கூடத்தில் உறவுக்காரர்கள். எழுந்து போகிற தம்பியின் முதுகு. அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஏழாவது அடியில் வாயையும் திறந்தார். கூப்பிட்டால் சுவரின் விலை இறங்கிவிடுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டார். எட்டு, ஒன்பது, பத்து. ஆறு வருஷம்.

"நான் வாசல்லதான்டா நின்னுக்கினு இருந்தேன்," என்றார்.

"தெரியும். பாத்தேன். அதான் பின் டயருக்கும் அடிச்சேன்."

கடற்கரைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது, போதவில்லை. ஜானகிராமனின் தொண்டையில் அந்த வாக்கியம் திரும்ப வந்து நின்றது. குளியலறையில் நாலு முறை வந்தது. இங்கே குழாய் இல்லை. தப்பு என்பது வரைக்கும் உதடு போனது. அப்புறம் சனியன் பிடித்தாற்போல வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"உள்ள வாடா, குமாரு."

தம்பி இப்போதுதான் திரும்பி அவரை நேராகப் பார்த்தார். "இது சோத்துக்கா, அன்னைக்குக் கூப்புடாததுக்கா?"

"ரெண்டுக்கும் சேத்து வச்சுக்க."

"மொத்தத்துல குடுக்கறதுக்கு இல்லண்ணே. இது சில்லறை யாவாரம். ஒன்னு ஒன்னா கூப்புடு."

ஜானகிராமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் வெயில், வயிற்றில் தீ, உள்ளே பதினான்கு குக்கர் ஆறிக்கொண்டிருக்கிறது, அச்சகத்தில் மெஷின் காத்திருக்கிறது. இவன் தெருவில் நின்று அண்ணன் வாய்வார்த்தையைச் சில்லறைக்குப் பேரம் பேசுகிறான். இவனுக்குப் பேரத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். தராசுத் தட்டில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் காட்டிக்கொடுத்ததும் நான்தான். யாரிடம் போய்க் குறை சொல்வது?

"சோத்துக்குக் கூப்புடுறேன். வா," என்றார்.

"சரி. இது சோத்துக்கு. எழுதிக்க." செல்வகுமார் முன்னால் நடந்தார்.

உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. தமிழ்மாறன் துணியை எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் ஊற்றினார். இந்த ஓட்டலில் எழுந்து போனவர்கள் முன்பும் இருந்திருப்பார்கள் போலும். சோறு ஆறியிருந்தது. ஆறியதில் அரிசியின் நறுக்கு கொஞ்சம் தணிந்திருந்தது, அல்லது பசி தணித்துக்கொடுத்தது. அண்ணன் தன் விளிம்பிலிருந்தும் தம்பி தன் விளிம்பிலிருந்தும் நடுவை நோக்கி வந்தார்கள். மட்டி ஓடு இரண்டு பக்கமும் குவிந்தது. அடிக்காந்தலில் மீன் சாறும் எண்ணெயும் ஊறி, முறுகி, முந்திரி வறுத்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஜானகிராமன் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆயிரம் ரூபாய்ப் பேச்சு பொய்யாகிவிடும். ஆனால் சுரண்டினார். தம்பியும் சுரண்டினார். இரண்டு கரண்டியும் இரும்பில் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை ஜோடி சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

கோட்டை நெருங்கியபோது சோறு தீர்ந்து, பதினோராவது இறால் மட்டும் நடுவில் கிடந்தது. ஜானகிராமன் அதைக் கரண்டியால் தம்பி பக்கம் ஒரு அங்குலம் தள்ளினார். செல்வகுமார் பார்த்தார். தன் கரண்டியால் அதே ஒரு அங்குலம் திருப்பித் தள்ளினார்.

"எட்டு அங்குலம் பாக்கி இருக்கேண்ணே," என்றார்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் ஒன்று வரப்போவதில்லை என்பதும் ஜானகிராமனுக்குத் தெரிந்தது. தண்ணீர் குடித்தார். இன்னொரு முறை குடித்தார். தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. மீன் முள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஐம்பத்தேழு வயது ஆளுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. தன்மேலேயே அவருக்கு வந்த எரிச்சலில் கரண்டியைக் கீழே வைத்தபோது அது சட்டிக் காதில் பட்டு டொக்கென்று கேட்டது. தம்பி இரக்கம் காட்டவில்லை. இரக்கம் காட்டினால் விலை இறங்கிவிடும். அதுவும் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான்.

செல்போன் மறுபடி அடித்தது. மணி மூன்றே கால். ஜானகிராமன் எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

செல்வகுமார் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்காரி விசாரிப்பது சன்னமாகக் கேட்டது. சாப்பாடு எப்படி, அப்பா பேசினாரா, பெயர் போடலாமா.

"பேரப் போட்டுக்கம்மா," என்றார் செல்வகுமார். "உங்கப்பன் என்னை ரெண்டு தடவ கூப்புடணும். ஒன்னுதான் கூப்ட்டாரு, அதுவும் சோத்துக்கு. இன்னொன்னு கல்யாணத்துக்குள்ள கூப்ட்டா முன் வரிசையில வந்து உக்காருவேன். கூப்புடலன்னா மண்டபத்து வாசல்ல வண்டிக்குக் காத்து அடிச்சினு நிப்பேன். வர்றது வர்றதுதான். எங்க நிக்கிறேன்னுதான் தெரியாது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். இந்த முறை நிஜமாகவே எழுந்தார். சாரத்தில் கடை திறக்க வேண்டுமாம், நாலு மணிக்கு ஒரு பார்ட்டி வருகிறதாம். வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தார். ஜானகிராமன் உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணினார். ஐந்து, ஆறு. வாயைத் திறந்தார். ஏழு. அந்த நேரம் பார்த்துத் தமிழ்மாறன் தண்ணீர் பில்லைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினார். பில்லுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது வாசலில் காகிதப்பூ மட்டும்தான் இருந்தது. வெளியே தம்பியின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கிளம்பவே இல்லை. பிறகு கிளம்பியது.

ஜானகிராமன் இருநூறு ரூபாய்த் தாளை வைத்தார். பதினோரு ரூபாய் மீதி வந்தது. எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பில்லைத் திருப்பிப் போட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில் பின்பக்கம் எழுதினார்.

சோறு, வரி உட்பட: 4,410. தீபா கட்டியது.
தண்ணீர் இரண்டு பாட்டில், வரி உட்பட: 189. நான் கட்டியது.
இறால் 11. எனக்கு 5, குமாருக்கு 5. சட்டியில் 1.
செவுரு 9 அங்குலம். அப்படியே இருக்கிறது.
கூப்பிட வேண்டியது 2. கூப்பிட்டது 1.
பாக்கி 1. தவணை, ஆவணி முகூர்த்தம் வரை.